அப்பாவும் சொல்லவில்லை, பெரியப்பாவும் சொல்லவில்லை: புரோஸ்டேட் புற்றுநோய் பற்றி உங்கள் வீட்டு ஆண்கள் பேசுகிறார்களா?

மூத்தவன் எழுதியது:

வணக்கம். இங்கே இதுவரை வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. ஒன்றரை வருடமாக இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயதானால் வருகிற வலிதானே என்று தைலம், இடுப்புப் பட்டை, வலி மாத்திரை என்றே நாங்களும் ஓட்டினோம். போன மாதம் ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவருக்குக் கால் நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு போனோம். முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தார்கள். அன்று மாலையே ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரோஸ்டேட் புரதத்தின் அளவைப் பார்த்தார்கள். 640. நான்கைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய எண் அது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. புரோஸ்டேட் சுரப்பியில் தொடங்கி இடுப்பெலும்பு, முதுகெலும்பு வரை பரவிவிட்டிருக்கிறது. இப்போது ஹார்மோன் ஊசி போட்டிருக்கிறார்கள், முதுகுக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஊன்றுகோலோடு நடக்கிறார்.

நான் எழுத வந்தது அடுத்த விஷயத்துக்காக. மருத்துவமனைக்குப் பார்க்க வந்த பெரியம்மா, ரிப்போர்ட்டில் என்ன என்று கேட்டுவிட்டு, "உங்க பெரியப்பாவுக்கும் இதேதானே" என்றார். பெரியப்பா இறந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சொன்னது, யூரின் பிரச்சினை, கிட்னி கெட்டுப்போச்சு. அவ்வளவுதான். அப்பாவுக்கு உண்மை தெரியும். 29 வருடமாகத் தெரியும். தன் அண்ணனுக்கு வந்தது தனக்கும் வரலாம் என்று அவர் ஒரு நாளாவது நினைத்திருப்பாரா? கேட்டேன். "அந்த இடத்து வியாதியைப் பிள்ளைங்ககிட்ட எப்படிடா சொல்றது" என்றார்.

எனக்கு 49. தம்பிக்கு 45. எங்கள் இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. சோதனை செய்துகொள்ள வேண்டுமா, எப்போது, எது? அதைவிட முக்கியமாக, உங்கள் வீடுகளில் இதைப் பேசியிருக்கிறீர்களா? எப்படி ஆரம்பித்தீர்கள்?

வார்டு அக்கா எழுதியது:

தம்பி, அப்பா நடக்கிறார் என்று படித்ததும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. முதுகெலும்பில் கட்டி தண்டுவடத்தை அழுத்தி, கால் முழுக்க விழுந்த பிறகு வருகிறவர்களில் பலர் திரும்ப நடப்பதில்லை. நீங்கள் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியதால் கிடைத்த நடை அது. படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள ஒருவருக்குப் புதிதாக முதுகு வலி, கால் மரத்துப்போவது, கால் பலவீனம், சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, இதில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அதே மணி நேரம் கிளம்ப வேண்டும்.

நான் யூராலஜி வார்டில் பதினாறு வருடமாக நர்ஸ். தினமும் காதில் விழுகிற வாக்கியம் ஒன்று: "எனக்கு யூரின் நல்லா போகுதும்மா, அந்தப் பிரச்சினையெல்லாம் இல்ல." இந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

ஏன் என்றால், சுரப்பி இருக்கிற இடத்தைப் பாருங்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில். அதன் நடுவே சிறுநீர்க் குழாய் நுழைந்து போகிறது. வயதாக ஆக எல்லோருக்கும் வருகிற சாதாரண வீக்கம், குழாயை ஒட்டிய உள்பகுதியில் வளரும். அதனால் குழாயை நெரிக்கும், சொட்டுச் சொட்டாகப் போகும், இரவில் நான்கு முறை எழுப்பும். புற்றுநோயில் பெரும்பாலானது பின்புறம், வெளிவிளிம்பில் தொடங்கும். குழாயிலிருந்து தள்ளி. அது வளர்ந்து பரவும் வரைகூடச் சிறுநீர் ஒழுங்காகவே போகும். ஆகவே சிறுநீர்த் தொந்தரவு இருந்தால் புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம், இல்லை என்றால் நோயும் இல்லை என்று இருக்கவும் வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் வருகிறேன். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். அப்பாவைவிடச் சகோதரனுக்கு இருந்தால் இன்னும் கூடுதல். ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல், பொதுவாக ஆண்களுக்கு 50 வயதில் சோதனை பற்றிய பேச்சைத் தொடங்கலாம், குடும்பத்தில் இருந்தால் 45லேயே என்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கும் 45. பி.ஆர்.சி.ஏ.2 என்ற பரம்பரை மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு 40. நீங்களும் தம்பியும் அந்த வாசலில்தான் நிற்கிறீர்கள். போய் ஒரு மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

மூத்தவன், உங்கள் அப்பா நிலைமைக்கு வருந்துகிறேன். நான் சொல்லப்போவதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குடும்பத்துக்குச் சோதனை நியாயம். ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கே நூறு பேர் ரத்தம் கொடுக்கப் போனால், அதில் சிலருக்கு நாம் கெடுதல் செய்தவர்கள் ஆவோம்.

பி.எஸ்.ஏ. புற்றுநோயை அளக்கும் சோதனை அல்ல. சுரப்பி உற்பத்தி செய்யும் ஒரு புரதத்தை அளக்கிறது. சுரப்பி வீங்கினாலும், அதில் கிருமித் தொற்று வந்தாலும் அது ஏறும். நான்குக்கும் பத்துக்கும் இடையில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். மறுபக்கம், 2004ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நான்கோ அதற்குக் குறைவோ இருந்தவர்களுக்கும் திசு எடுத்துப் பார்த்தபோது நூற்றில் பதினைந்து பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அதாவது இந்தப் பக்கம் நோய், அந்தப் பக்கம் சுகம் என்று கோடு கிழிக்கும் எண்ணே கிடையாது.

அடுத்தது, கண்டுபிடிப்பதெல்லாம் ஆளைக் கொல்லும் நோய் அல்ல. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தால், எண்பதை ஒட்டியவர்களில் பாதிக்கு மேல் புரோஸ்டேட்டில் புற்றணுக்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அது தெரியாது, தெரியாமலே வாழ்ந்து முடித்தார்கள். இதைத் தோண்டி எடுத்து அறுவை செய்தால் மிஞ்சுவது சிறுநீர்க் கசிவும் தாம்பத்திய இழப்பும். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2012ல் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யும் பி.எஸ்.ஏ. வேண்டாம் என்றே சொன்னது. 2018ல்தான் இறங்கி வந்து, 55 முதல் 69 வரை அவரவர் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம், 70க்கு மேல் வேண்டாம் என்றது.

பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 1993ல் தொடங்கிய பெரிய ஆய்வின் 23 ஆண்டு முடிவு 2025ல் வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புரோஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைவு. எண்ணிக்கையில் சொன்னால், 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. அந்த ஒருவர் நம் அப்பாவாக இருந்தால் அது எல்லாமே. மற்ற 455 பேர் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கண்காணிப்பில் ஏழாண்டு எழுதியது:

வாத்தியார் சார் சொல்லும் 455 பேரில் ஒருவன் நான். ஆகவே பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

61 வயதில் பி.எஸ்.ஏ. 5.8 வந்தது. எம்.ஆர்.ஐ., அப்புறம் பயாப்ஸி, அதாவது ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது. முடிவு கிளீசன் 3+3. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும், "வெட்டி எடுத்துடுங்க, என்ன ஆனாலும் சரி" என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அந்த யூராலஜி டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு நாற்பது நிமிடம் பேசினார். அவருக்கு நான் வாழ்நாள் கடன்பட்டவன்.

அவர் சொன்னது இது. கிளீசன் என்பது அணுக்கள் மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு உருக்குலைந்து தெரிகின்றன என்பதற்கான மதிப்பெண். இப்போது கொடுக்கப்படுவதில் ஆறுதான் ஆகக் குறைந்தது. இந்த வகை மிக மெதுவாக நகரும், பலருக்கு நகரவே நகராது. பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்கு வெறும் கண்காணிப்பு என்று வைத்துப் பார்த்தார்கள். 15 ஆண்டு கழித்து, நான் கண்காணிப்புக்கு வந்த பிறகு, 2023ல் முடிவு வந்தபோது மூன்று பிரிவிலுமே புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். கண்காணிப்புப் பிரிவில் பரவியது மற்ற இரண்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதையும் அவர் அப்போது மறைக்கவில்லை.

நான் கண்காணிப்பில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், இடையிடையே எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் திரும்பவும் பயாப்ஸி. ஏழு வருடம் ஆகிறது, கத்தி படவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் இரண்டு நாள் தூக்கம் வராது, அது மட்டும் பழகவே இல்லை.

வாத்தியார் சார், நீங்கள் சொல்கிற கெடுதலில் பெரும்பகுதி சோதனையால் வருவதில்லை. சோதனைக்கு அப்புறம் அவசரப்பட்டு எடுக்கும் முடிவால் வருகிறது. அந்த அவசரத்தை நிறுத்தத் தெரிந்த டாக்டர் கிடைத்தால் நோய் இருப்பது தெரிந்தும் நிம்மதியாக இருக்கலாம்.

புதுசு 38 எழுதியது:

ஒரு டவுட். கேட்கவே கூச்சமா இருக்கு, ஆனா இங்க யாருக்கும் என்னைத் தெரியாதுங்கிறதால கேக்கறேன். இந்த டெஸ்ட்ல விரல் விட்டுப் பார்ப்பாங்கன்னு சொல்றாங்களே, அது கட்டாயமா? என் மாமா அதுக்குப் பயந்தே போக மாட்டேங்கிறார். அப்புறம், சுய இன்பம் அதிகமா இருந்தா இந்த நோய் வரும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

வார்டு அக்கா எழுதியது:

கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி தம்பி. மாமாவிடம் சொல்லுங்கள், முதல் படி வெறும் ரத்தச் சோதனை. கையை நீட்டினால் போதும். விரல் பரிசோதனை ஒரு நிமிடம்கூட ஆகாது, வலிக்காது, அசௌகரியம் உண்டு. ஆரம்ப நிலையில் அது தனியாக நம்பத்தக்க சோதனையும் அல்ல, நிறைய நோயைத் தவறவிடும். பி.எஸ்.ஏ. ஏறியிருந்தாலோ தொந்தரவு இருந்தாலோ டாக்டர் அதையும் செய்து பார்க்கலாம் என்பார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை மாமாவுக்கு இருக்கிறது. விரலுக்குப் பயந்து ரத்தமும் கொடுக்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது கேள்வி. வராது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஆண்களைக் குற்ற உணர்வில் தள்ளி டாக்டரிடமே போகாமல் ஆக்குகிறார்கள். அமெரிக்காவில் பல்லாயிரம் ஆண்களை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வில், விந்து அடிக்கடி வெளியேறியவர்களுக்கு நோய் சற்றுக் குறைவாகவே இருந்தது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதிகமானால் வரும் என்பதற்கு அடிப்படை இல்லை.

ஒன்று மட்டும் உண்டு. ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு நாள் விந்து வெளியேற்றம் வேண்டாம், கடும் சைக்கிள் பயிற்சியும் வேண்டாம், இரண்டும் எண்ணைக் கொஞ்சம் தூக்கிக் காட்டலாம். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் கழித்துக் கொடுங்கள். இன்னொன்று, இதை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை: சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பி.எஸ்.ஏ. சில மாதங்களில் பாதியாக இறங்கிவிடும். முடி கொட்டுவதற்குக் கொடுக்கும் சின்ன டோஸ் ஃபினாஸ்டரைடும் இறக்கும். ரிப்போர்ட்டில் 3 என்று பார்த்துச் சந்தோஷப்படுவோம், உண்மையில் அது 6ஆக இருக்கும். முடிக்குச் சாப்பிடுகிற மாத்திரையை யார் டாக்டரிடம் சொல்கிறார்கள்? சொல்லுங்கள்.

எண் ஏறினால் உடனே பயாப்ஸி என்ற காலமும் போய்விட்டது. முதலில் சில வாரம் கழித்துத் திரும்ப ரத்தம். அதிலும் ஏறியிருந்தால் எம்.ஆர்.ஐ. அதில் சந்தேக இடம் தெரிந்தால் மட்டும் அந்த இடத்தைக் குறிவைத்து ஊசி. வாத்தியார் சார் சொன்ன கெடுதலில் கணிசமான பங்கை இந்த வரிசை தவிர்த்துவிடுகிறது.

இரண்டாம் மகள் எழுதியது:

இந்த இழையில் இதுவரை ஒரு பெண்தான் பேசியிருக்கிறார், அதுவும் நர்ஸாக. நான் மகளாகப் பேசுகிறேன்.

எனக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய். மரபணுச் சோதனையில் பி.ஆர்.சி.ஏ.2 கோளாறு என்று வந்தது. ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து வம்ச மரம் வரைந்தார். என் நோயைக் குறித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார், "அப்பா பக்கத்தில் ஆண்களுக்குப் புரோஸ்டேட்?" எனக்குப் புரியவில்லை. மார்பகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. இந்த மரபணு ஆண், பெண் பார்ப்பதில்லை. பெண்ணுக்கு மார்பகம், கருமுட்டைப்பை. ஆணுக்குப் புரோஸ்டேட், அதுவும் பெரும்பாலும் இளம் வயதில், வேகமான வகை. தாயிடமிருந்தும் வரும், தந்தையிடமிருந்தும் வரும். யாரிடம் இருக்கிறதோ அவர் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எனக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். அம்மா சொன்னார், "உன் வியாதியை ஆம்பளப் பசங்ககிட்ட ஏன் சொல்லிக்கிட்டு." சொன்னேன். தம்பி சோதித்தான், அவனிடம் இல்லை. அண்ணனிடம் இருக்கிறது. அண்ணனுக்கு 44. வருடத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்கிறார், இதுவரை ஒன்றும் இல்லை. நான் வாயை மூடியிருந்தால் அவர் எதை வைத்துத் தெரிந்துகொண்டிருப்பார்?

மூத்தவன் அண்ணா, உங்கள் குடும்பத்தில் பெண்களுக்கு என்ன வந்தது என்றும் கேளுங்கள். அத்தைகள், பாட்டி. எங்கள் நோய்க்கும் இதே மாதிரி வேறு பெயர் வைத்து மூடியிருப்பார்கள். உங்கள் அப்பாவுக்குப் பரவிய நிலை என்பதால், அவருக்கே மரபணுச் சோதனை செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

வார்டு அக்கா எழுதியது:

தங்கச்சி சொன்னதை வழிமொழிகிறேன். பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களை ஆராய்ந்து 2016ல் வெளியிட்டதில், நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்யும் மரபணுக்களில் பரம்பரைக் கோளாறு இருந்தது. அதில் முதலிடம் பி.ஆர்.சி.ஏ.2. அப்பாவுக்கும் அதனால் பயன் உண்டு, அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கென்றே ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன.

நலம்விரும்பி எழுதியது:

வருமுன் காப்பதே மேல். வைட்டமின் ஈ மாத்திரையும் செலினியமும் தினமும் எடுத்தால் புரோஸ்டேட்டுக்குப் பாதுகாப்பு. நான் பத்து வருடமாக எடுக்கிறேன். டெஸ்ட் எதுவும் வேண்டியதில்லை.

கணக்கு வாத்தியார் எழுதியது:

ஐயா, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் தயவுசெய்து அந்த மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். நீங்கள் சொல்வதைத்தான் சோதித்தார்கள், முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம். பயன் தெரியவில்லை என்று 2008ல் மாத்திரையை நிறுத்தினார்கள். தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் வந்ததாக 2011ல் தெரியவந்தது. குறையவில்லை ஐயா, கூடியது.

இந்த நோய்க்கு உறுதியாகத் தெரிந்த பெரிய காரணங்கள் மூன்று: வயது, வம்சம், மரபணு. மூன்றையும் நம்மால் மாற்ற முடியாது. உடல் எடை, உடற்பயிற்சி, புகை இதெல்லாம் பொதுவாக நல்லது, அதற்காகச் செய்யுங்கள்.

கசிவு எழுதியது:

இந்தப் பெயரை நானே வைத்துக்கொண்டேன். ஏன் என்று படித்தால் புரியும்.

58 வயதில் எனக்குக் கிளீசன் 4+4. கண்காணித்துக்கொண்டிருக்கும் வகை அல்ல. ரோபோ அறுவையில் சுரப்பியை எடுத்தார்கள். நான்கு வருடம் ஆகிறது, பி.எஸ்.ஏ. கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. உயிரோடு இருக்கிறேன். அதற்கு முதலில் நன்றி.

ஆனால் வாத்தியார் சார் சொன்ன விலையை நான் கொடுத்தேன். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். சுரப்பியை எடுக்கும்போது அதன் நடுவில் ஓடும் குழாயையும் வெட்டி, திரும்பச் சிறுநீர்ப்பையோடு சேர்த்துத் தைக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் டியூப். டியூப் எடுத்த அன்று எழுந்து நின்றேன், தரையில் வழிந்தது. 58 வயது ஆண் பேடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். இருமினால் பயம், சிரித்தால் பயம். கண்காணிப்பு நண்பர் சொன்ன அதே பிரிட்டன் ஆய்வில், அறுவை செய்தவர்களில் ஆறாவது மாதம் 46 சதவீதம் பேர் பேடு பயன்படுத்தினார்கள், ஆறாவது வருடம் 17 சதவீதம். அந்த எண்ணை முன்னாடியே யாராவது காட்டியிருந்தால், எனக்கு மட்டும்தான் இப்படி என்று எட்டு மாதம் அழுதிருக்க மாட்டேன். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி உதவியது. அதை அறுவைக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும்.

விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இருபுறமும் ஒட்டிப் போகின்றன. எனக்கு ஒரு பக்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை. என் மனைவி இதைக் கையாண்ட விதத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன். அவளிடம் நான் பேசவே ஒரு வருடம் ஆனது. அவள் முதல் நாளிலிருந்தே தயாராக இருந்தாள்.

மூத்தவன், உங்கள் அப்பா ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அது கோழைத்தனம் இல்லை. அந்த உறுப்பு, அந்தக் கசிவு, அந்த இயலாமை, இதைச் சொன்னால் ஆண் என்று தனக்குள் வைத்திருக்கிற உருவம் உடைந்துவிடும் என்ற பயம். பதவியில் உச்சத்தில் இருந்தவர்களையும் அது விடவில்லை. பிரான்ஸின் அதிபர் மித்தரான் 1981ல் பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருப்பது தெரிந்தது. பதினோரு வருடம் நாட்டுக்கே மறைத்தார், 1992 வரை. அமெரிக்காவின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் 2023 டிசம்பரில் இதே அறுவை செய்துகொண்டார், அதிபருக்குக்கூடத் தெரியாது. சிக்கலாகித் திரும்ப மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் வெளியே வந்தது. சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு மன்னிப்பும் கேட்டார்.

எனக்கு இரண்டு மகன்கள், 30ம் 27ம். இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், பேடு வரைக்கும். சின்னவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பத்து வயதுக்கு அப்புறம் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

புதுசு 38 எழுதியது:

கசிவு சார், உங்க பதிவை அப்படியே மாமாவுக்கு அனுப்பினேன். படிச்சுட்டு, ரொம்ப நேரம் கழிச்சு, "எந்த லேப்ல எடுக்கணும்"னு மட்டும் கேட்டார்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

கசிவு நண்பருக்கு வணக்கம். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். எண்களை எல்லோருக்கும் ஒன்றாகச் சொன்னது என் தவறு. என் அப்பாவுக்கு 83 வயது, இதய நோய் உண்டு. அவருக்குப் பி.எஸ்.ஏ. பார்க்கச் சொல்லி ஒரு முழு உடல் பரிசோதனைத் தாளில் அச்சடித்து வந்தது, அதை நான் அடித்துவிட்டேன், இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருந்த 45 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு வேறு. பிரிட்டனின் ஒலிம்பிக் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் தோள்வலி என்று போனவர், 47 வயதில் எலும்புக்குப் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார். அவருடைய தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இருந்திருக்கிறது. வம்சத்தில் இருப்பவர்கள் ஐம்பதுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று இப்போது மேடைதோறும் சொல்கிறார். அவரை என் 456க்குள் வைத்து வகுக்க முடியாது.

மூத்தவன், போய்ப் பாருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கண்காணிப்பில் ஏழாண்டு எழுதியது:

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. பரவிவிட்டது என்றால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைப்பார்கள். இந்த நோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது, அதை நிறுத்தினால் சுருங்கும் என்று ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1941லேயே காட்டினார், 1966ல் நோபல் பரிசும் பெற்றார். அப்பாவுக்குப் போடும் ஊசி அந்த வழியில் வந்ததுதான். இப்போது அதோடு சேர்த்துக் கொடுக்க அபிராடரோன், என்சலுடமைடு போன்ற மாத்திரைகள் எல்லாம் இருக்கின்றன. பல வருடம் நன்றாக இருப்பவர்கள் உண்டு. ஊசி போட்ட பிறகு திடீரென உடம்பு தகிக்கும், வியர்க்கும், மனம் சோரும், காரணமில்லாமல் கண் கலங்கும். இது மருந்தின் விளைவு என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தனக்கு மனம் உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார், அதையும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

மூத்தவன் எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஒவ்வொரு பதிவையும் படித்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கை வரவில்லை.

கசிவு ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "அண்ணனுக்கும் அப்படித்தான் கசிஞ்சுது. அவர் படுத்த பாயை ராத்திரியில நான்தான் அலசிப் போடுவேன், அண்ணிக்குக்கூடத் தெரியாம" என்றார். பெரியப்பா எவர்கிட்டயும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தச் சத்தியத்தை அப்பா 29 வருடம் காப்பாற்றியிருக்கிறார். நான் அவர் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் அவராகவே போனை எடுத்து, சித்தப்பாவைக் கூப்பிட்டார், பிறகு பெரியப்பா மகனை. அவரே சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். முதல் அழைப்பில் குரல் நடுங்கியது, இரண்டாவதில் இல்லை. மகள் தங்கச்சி சொன்னபடி கேட்டதில், அப்பாவின் தங்கை ஒருவர் 39 வயதில் "மார்புக் கட்டி"யில் இறந்தது தெரியவந்தது. நான் பார்த்ததே இல்லாத அத்தை. டாக்டரிடம் சொன்னதும் அப்பாவின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டார். முடிவு வர நாள் ஆகும்.

என் பி.எஸ்.ஏ. 0.9. ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

தம்பிக்கு 5.1 வந்தது. அக்கா சொன்னதை எல்லாம் கடைப்பிடித்துத்தான் கொடுத்தான். அவசரப்படவில்லை, டாக்டர் சொன்ன இடைவெளி விட்டுத் திரும்பக் கொடுத்தோம். 4.9. சிறுநீர்த் தொற்று இல்லை, மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. வியாழக்கிழமை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறது, தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றான். அப்பா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றார். மூன்று பேருமாகப் போகிறோம்.